குறை சொல்ற குடித்தனக்காரங்களை இழந்துடாதீங்க: வீட்டு ஓனர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் ஓனர் சார்களே, மேடம்களே. நானும் உங்க கட்சி தான். ரெண்டு போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கேன். அதுக்கு முன்னாடி 11 வருஷம் நானே வாடகை வீட்ல இருந்தவன், அதனால ரெண்டு பக்கத்து புலம்பலும் தெரியும்.

போன வருஷம் என் வீட்ல 4 வருஷமா இருந்த ஒரு குடும்பம் காலி பண்ணிட்டாங்க. வாடகை ஒரு மாசம் கூட லேட் ஆனது கிடையாது, சத்தம் கிடையாது, அக்கம்பக்கத்துல ஒரு புகார் கிடையாது. பாத்ரூம் பைப்ல தண்ணி கசியுதுன்னு ஒரு தடவை போன் பண்ணாங்க, "பாக்கலாம்மா"ன்னேன். திரும்ப பண்ணாங்க, "இந்த வாரம் ஆள் அனுப்புறேன்"னேன், அனுப்பல. அப்புறம் போனே வரல, சரி அவங்களே பாத்துக்கிட்டாங்க போலன்னு நானும் நிம்மதியா இருந்துட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு நோட்டீஸ் கொடுத்தாங்க. அவங்க போன் பண்றதை நிறுத்தின அன்னைக்கே வேற வீடு தேட ஆரம்பிச்சிருக்காங்கன்னு எனக்கு அப்ப தான் உறைச்சுது.

காலி பண்ண பிறகு போய் பாத்தா பாத்ரூமுக்கு அந்தப் பக்கம் இருக்குற பெட்ரூம் சுவர் பூரா ஓதம், பெயிண்ட் உப்பி உதிருது, அலமாரிக்குப் பின்னாடி கருப்பா பூஞ்சை. ஈரம் 24லேருந்து 48 மணி நேரம் காயாம இருந்தாலே பூஞ்சை பிடிக்க ஆரம்பிச்சிடும்னு பிளம்பர் வந்தப்ப தான் தெரிஞ்சுக்கிட்டேன், நான் மாசக்கணக்குல விட்டிருக்கேன். கசிவை நிறுத்தி சுவரை நல்லா காய விடாம மேல பெயிண்ட் அடிச்சா திரும்பவும் உப்பும், அதனால அதுக்கும் காத்திருக்கணும். இத்தனைக்கும் ஆரம்பத்துல போனது ஒரு வாஷர்.

நம்மள்ல நிறைய பேர் போடுற கணக்கே தப்புங்க. இப்ப இருக்குறவங்களை அனுப்பிட்டு 5 சதவீதம் கூட வாடகைக்கு வேற ஆள் வைக்கலாம்னு நினைக்கிறோம் இல்ல? வீடு ஒரே ஒரு மாசம் காலியா கிடந்தாலே அந்த 5 சதவீதத்தை வச்சு அந்த ஒரு மாச வாடகையை திரும்ப எடுக்க 20 மாசம் ஆகும். பெயிண்ட், புரோக்கர், சில்லறை ரிப்பேர்னு இன்னொரு மாச வாடகை போச்சுன்னா 40 மாசம். மூணு வருஷத்துக்கு மேல! அதுக்குள்ள புது ஆளும் காலி பண்ணிட்டார்னா கணக்கு மறுபடி முதல்லேருந்து. வாடகையே ஏத்தாதீங்கன்னு சொல்லல, நானும் ஏத்துறேன், ஆனா ரெண்டு மூணு மாசம் முன்னாடியே சொல்லிடுறேன், அவங்களும் குடும்பச் செலவைப் பாக்கணும்ல.

ரிப்பேர் எல்லாத்தையும் அன்னைக்கே முடிக்க முடியாது, அது குடியிருக்கவங்களுக்கும் தெரியும். "வியாழக்கிழமை ஆள் வருவார்"னு ஒரு தேதி சொன்னா போதும், சொன்னா வரணும், அவ்ளோ தான். ஆனா கரண்ட் விஷயத்துல மட்டும் வியாழக்கிழமை கதை வேண்டாம். சுவிட்ச் சூடாகுது, கருகுற வாடை வருதுன்னு சொன்னா உள்ள வயர் லூசா இருக்கலாம், அது தீப்பிடிக்கிற விஷயம், உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. ஷாக் அடிச்சா உயிருக்கு ஆபத்து வராம சட்டுன்னு கரண்டை துண்டிக்கிற 30 மில்லி ஆம்ப் பிரேக்கர் (RCCB) போர்டுல இருக்கான்னும் பாருங்க, இருந்தா அதுல டெஸ்ட் பட்டன் இருக்கும், அதை அப்பப்போ அமுக்கி விழுதான்னு பாக்கச் சொல்லி குடியிருக்கவங்களுக்கும் காட்டிக் கொடுங்க.

அட்வான்ஸ் விஷயம் தான் பெரிய சண்டை. சாவி கொடுக்குற அன்னைக்கே ரெண்டு பேரும் சேர்ந்து வீடு முழுக்க தேதியோட போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, மீட்டர் ரீடிங் உட்பட. வருஷக்கணக்குல இருந்தா பெயிண்ட் மங்கத்தான் செய்யும், தரை தேயத்தான் செய்யும், அதுக்கெல்லாம் அவங்க அட்வான்ஸ்ல கை வைக்கிறது நியாயமே இல்ல. கதவை உடைச்சா பிடிங்க, பில்லோட பிடிங்க.

இன்னொன்னு, நம்ம வீடு தானேன்னு சொல்லாம கொள்ளாம பெல் அடிக்காதீங்க. (என் பழைய ஓனர் ஒருத்தர் சாவி போட்டு திறந்தே உள்ள வந்துடுவார், நான் துண்டோட நின்ன நாள் உண்டு.) பைப் வெடிச்ச மாதிரி அவசரம்னா வேற, இல்லைன்னா ஒரு நாள் முன்னாடி சொல்லிட்டுப் போங்க.

நல்ல ஆளா பாத்து எப்படி வைக்கிறதுன்னு கேப்பீங்க. இப்ப இருக்குற ஓனரை மட்டும் விசாரிக்காதீங்க, அனுப்பினா போதும்னு இருக்குறவர் ஆஹா ஓஹோன்னு தான் சொல்லுவார், அதுக்கு முந்தின ஓனர்கிட்ட கேளுங்க. அக்ரிமெண்ட் எழுத்துல இருக்கட்டும், எந்த ரிப்பேர் யார் பொறுப்புன்னு அதுலயே போட்டுடுங்க, வாடகைக்கு ரசீது கொடுங்க.

அந்த போர்ஷனுக்கு இப்ப புதுசா ஒரு தம்பதி வந்திருக்காங்க. நேத்து ராத்திரி மெசேஜ் போட்டிருந்தாங்க, கிச்சன் குழாய் சொட்டுதாம். "சார், சின்ன விஷயம் தான்"னு வேற போட்டிருந்தாங்க. பிளம்பர் பத்து மணிக்கு வர்றேன்னிருக்கார், நான் வாஷர் வாங்கிட்டு கிளம்புறேன்.