ஞாயிறு காலை மூன்று மணி நேரம்: நீலகிரி மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நீலகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்டக் காவல், நெடுஞ்சாலை, வனத்துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் நீலகிரிச் சாலைகளில் சைக்கிள் ஓட்டுகிறவன். ஒரே ஒரு வேண்டுகோளோடு இதை எழுதுகிறேன். கோத்தகிரியிலிருந்து கொடநாடு போகும் சாலையையும், உதகையிலிருந்து பாலாடா வழியாக எமரால்டு போகும் சாலையையும் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 7 மணி முதல் 10 மணி வரை சுற்றுலா வாகனங்கள் இல்லாமல் வைத்துத் தாருங்கள். புதிதாகச் சாலை போட வேண்டாம். சைக்கிளுக்கென்று தனிப் பாதையும் வெட்ட வேண்டாம். இந்த மலையில் இனி ஒரு அடி மண்ணைக்கூட வெட்டக் கூடாது என்று நினைக்கிறவன் நான்.

மலைச் சாலையில் சைக்கிள் மிதிப்பது எப்படியிருக்கும் என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கடும் ஏற்றத்தில் நம் வேகம் மணிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர்தான். வேகம் குறையக் குறைய வண்டி நேராக நிற்காது. ஒவ்வொரு மிதிக்கும் இடமும் வலமுமாக ஆடும். அந்த நேரத்தில் பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தால் ஒதுங்க இடம் இருக்காது. இடப்பக்கம் தார் முடிகிற விளிம்பு, அதை ஒட்டி வடிகால், சில இடங்களில் நேரே பள்ளம். பின்னால் வருபவர் வெளியூர்க்காரர், மலையில் ஓட்டிப் பழக்கமில்லாதவர் என்றால் வளைவிலேயே முந்தப் பார்ப்பார். எதிரே பேருந்து வந்ததும் நம் பக்கம் ஒடிப்பார். இறக்கத்தில் வேறு கவலை. பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடாகும், கை மரத்துப்போகும். இடையிடையே பிரேக்கை விட்டுப் பிடிக்க முன்னால் கொஞ்ச தூரமாவது சாலை காலியாக இருக்க வேண்டும். கார்கள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தால் அதற்கு வழியே இல்லை.

இத்தனைக்கும் சைக்கிளுக்கு இதைவிட நல்ல மலை தெற்கே இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, உதகை 2,240 மீட்டரில். கீழே பாக்கு மரங்களில் தொடங்கி, தேயிலை, சோலை, புல்வெளி என்று ஒரே ஏற்றத்தில் இத்தனையும் வந்துவிடும். 2008 முதல் நடக்கும் ‘டூர் ஆஃப் நீலகிரிஸ்’ சைக்கிள் பயணத்துக்காக எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். அது முடிந்தால் மற்ற நாட்களில் இங்கே நிம்மதியாக ஓட்ட ஒரு சாலைகூட இல்லை. அதுதான் என் வருத்தம்.

குன்னூர் மலைப்பாதையை நான் கேட்கவில்லை. அது மாவட்டத்தின் உயிர்நாடி. அதில் யாரையும் நிறுத்தக் கூடாது. உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் கேட்கவில்லை. மஞ்சூரிலிருந்து கெத்தை, முள்ளி வழியாகக் காரமடைக்கு இறங்கும் சாலையில் 43 வளைவுகள் இருக்கின்றன. சைக்கிள் ஓட்டுகிற எல்லோருக்கும் அதன்மேல் ஒரு கண் உண்டு, எனக்கும்தான். ஆனால் அது யானைகளின் இடம். கார் வருவது யானைக்குத் தூரத்திலேயே கேட்டுவிடும், சைக்கிள் வருவது கேட்காது. வளைவு திரும்பி மிக அருகில் போன பிறகுதான் இருவருக்கும் தெரியும். அந்தச் சாலையும் முதுமலைக்குள் போகும் சாலைகளும் சைக்கிள்காரர்களின் ஆசைக்காகத் திறக்கப்படக் கூடாது. எங்களில் யாராவது வந்து கேட்டாலும் தயவுசெய்து மறுத்துவிடுங்கள்.

சரி, ஏன் இந்த இரண்டு சாலைகள்? கொடநாடு சாலை காட்சிமுனையோடு முடிந்துவிடுகிறது. சுமார் 18 கிலோமீட்டர், பெரும்பாலும் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மெல்ல ஏறி இறங்கும். அந்தப் பக்கம் வேறு ஊருக்குப் போகும் போக்குவரத்து கிடையாது. சுற்றுலா வாகனங்கள் அங்கே போவது மாயாற்றுப் பள்ளத்தாக்கையும் ரங்கசாமி சிகரத்தையும் பார்க்கத்தான். அதிகாலை மூடுபனியில் எதுவும் தெரியாமல் திரும்புவதைவிட, 10 மணிக்கு மேல் போவது அவர்களுக்கும் நல்லதுதான். எமரால்டு சாலை வேறு மாதிரி. கேரட், உருளை, பூண்டு என்று படிப்படியாகத் தோட்டங்கள், நடுநடுவே ஊர்கள், கடைசியில் அணை. எமரால்டோடு நிறுத்திக்கொள்வோம், அதற்கு அப்பால் அவலாஞ்சி, அது வனத்துறையின் காடு.

ஊர்க்காரர்கள் யாருக்கும் இதனால் ஒரு நிமிடம்கூடத் தடங்கல் வரக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அரசுப் பேருந்து, மினி பஸ், ஆம்புலன்ஸ், பச்சைத் தேயிலை ஏற்றும் வண்டி, காய்கறி லாரி, அந்தந்த ஊர்களில் குடியிருப்போரின் வாகனங்கள் எல்லாம் வழக்கம்போல் போகட்டும். சாலை அவர்களுடையது. வாகனமே இல்லாத சாலையை நாங்கள் கேட்கவில்லை. எந்த வளைவில் எப்படித் திரும்ப வேண்டும் என்று தெரிந்த உள்ளூர் ஓட்டுநர்களோடு சாலையைப் பகிர்ந்துகொள்வதில் எங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை.

இதை நடத்தத் தேவையான ஏற்பாடு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் வைக்கப்பட்டது. சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும் ஒருவழி முறையையும் நீங்களே நடத்துகிறீர்கள். அவ்வளவு பெரிய மாற்றத்தையே சமாளிக்கிற நிர்வாகத்துக்கு இது சின்ன வேலை. இ-பாஸ் பதிவு செய்யும்போதே ‘இந்தச் சாலைகளில் ஞாயிறு காலை 10 மணிக்குப் பிறகு மட்டும்’ என்று ஒரு வரி காட்டலாம். ஒவ்வொரு சாலையின் தொடக்கத்திலும் ஒரு தடுப்பு, இரண்டு காவலர்கள். இவ்வளவுதான்.

வேறு மலைகளில் இது பழகிப்போன விஷயம். அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில் கேட்ஸ் கோவ் என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அதைச் சுற்றிவரும் சாலையும் ஏறக்குறைய 18 கிலோமீட்டர்தான். கார்கள் நெருக்கியடிக்கும் இடம், கரடிகள் நடமாடும் இடமும்கூட. அங்கே பல ஆண்டுகள் வாரத்தில் இரண்டு நாள் காலை 10 மணி வரை மோட்டார் வாகனங்களை விடாமல் இருந்தார்கள். பிறகு மே முதல் செப்டம்பர் வரை புதன்கிழமை முழுவதும் என்று மாற்றினார்கள். இத்தாலியில் ஸ்டெல்வியோ கணவாய், 2,757 மீட்டர் உயரம், ஒரு பக்கத்தில் மட்டும் 48 வளைவுகள். அதை ஆண்டுக்கு ஒரு நாள் சைக்கிளுக்காக மூடுகிறார்கள். பிரான்சின் சவோய் மலைகளிலும் கோடையில் சில கணவாய்களுக்குக் குறிப்பிட்ட நாட்களில் காலை வேளைகளை ஒதுக்குகிறார்கள். நமக்குப் பொருந்துவது கேட்ஸ் கோவின் முறைதான். ஆண்டுக்கு ஒரு நாள் திருவிழாவைவிட வாராவாரம் மூன்று மணி நேரம் எவ்வளவோ மேல்.

காலை 7 மணி என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. கோத்தகிரித் தோட்டங்களில் காட்டெருமைகளும் கரடிகளும் இருட்டிலும் விடியலிலும் சாலையைக் கடக்கும். நன்றாக வெளிச்சம் வந்த பிறகு தொடங்குவது அவற்றுக்கும் பாதுகாப்பு, எங்களுக்கும் பாதுகாப்பு. ‘காட்டெருமையைக் கண்டால் இறங்கி நில்லுங்கள், அது போன பிறகு போங்கள்’ என்று தமிழில் பெரிய பலகை வைக்க வேண்டும். வளைவுகளில் மணி அடிக்கச் சொல்ல வேண்டும்.

சைக்கிள்காரர்களுக்கும் கட்டுப்பாடு போடுங்கள். பின்னால் ஆதரவு வண்டி வரக் கூடாது. ஐம்பது பேர் சைக்கிளில் வந்து, அவர்களுக்குப் பின்னால் பத்துக் கார்கள் ஊர்ந்தால் இந்த ஏற்பாட்டுக்கே அர்த்தமில்லை. பந்தயம் கூடாது. ஒலிபெருக்கி, விளம்பரப் பதாகை எதுவும் வேண்டாம். பிளாஸ்டிக் தடை எங்களுக்கும் சேர்த்துத்தான்.

நெடுஞ்சாலைத் துறைக்கு இரண்டு சிறு வேலைகள். வளைவுகளின் உள்பக்கம் சேரும் ஜல்லியை வெள்ளிக்கிழமை தோறும் கூட்டித் தள்ள வேண்டும். காருக்கு அது ஒன்றுமில்லை, சைக்கிளை அப்படியே வழுக்கி விழவைக்கும். வடிகால் மூடியின் கம்பிகள் சாலை போகும் திசையிலேயே இருந்தால் ஒல்லியான டயர் உள்ளே இறங்கிவிடும், அவற்றைக் குறுக்காக மாற்றிப் போட வேண்டும்.

முதலில் ஜனவரி முதல் மார்ச் வரை மட்டும் செய்து பாருங்கள். ஏப்ரல், மே சீசனில் வேண்டாம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். 2019 ஆகஸ்டில் எமரால்டுக்கு அடுத்த அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வடகிழக்குப் பருவமழையில் கோத்தகிரிப் பக்கம் மண்சரிவு பயம். 2009 நவம்பர் மண்சரிவு இன்னும் எல்லோருக்கும் நினைவில் இருக்கிறது. மூன்று மாதம் முடிந்ததும் வழியிலுள்ள ஊர்களின் மக்களைக் கூட்டிக் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் நிறுத்திவிடலாம், நான் மறுபேச்சுப் பேச மாட்டேன். அவர்கள் சரி என்றால் அடுத்த ஜனவரியில் மூன்றாவதாக எந்தச் சாலையைச் சேர்க்கலாம் என்பதையும் அவர்களிடமே கேளுங்கள்.

முடிவெடுக்கும் முன் ஒரு ஞாயிறு காலையில் இந்த இரண்டு சாலைகளில் ஏதாவது ஒன்றுக்கு உங்கள் அதிகாரிகளில் ஒருவரை அனுப்பிவையுங்கள். சைக்கிள் நான் தருகிறேன், கூடவும் வருகிறேன்.

இப்படிக்கு,
நீலகிரிச் சாலைகளில் சைக்கிள் ஓட்டும் ஒருவன்