மேடைக்கும் ஒரு மணி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த மாதம் செபராங் பிறையில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியில் நடந்த பேச்சுப் போட்டிக்கு நடுவராகச் சென்றிருந்தேன். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, தன் வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் குப்பை அடைத்துக்கொண்டு மழை நாளில் தண்ணீர் அடுப்படி வரை வந்ததைப் பற்றிப் பேசினாள். நேரக் காப்பாளர் மணியடித்த பிறகும் அரை நிமிடம் கூடுதலாகப் பேசிவிட்டதால், விதிப்படி அவளுக்கு இரண்டு புள்ளிகளை நானே குறைத்தேன். அதன் பின் பரிசளிக்க எழுந்த சிறப்பு விருந்தினர் 38 நிமிடம் பேசினார். அவருக்கு மணியடிக்க யாரும் இல்லை. மாலையில் வீடு திரும்பியதும், விருந்தினர் என்ன பேசினார் என்று என் மனைவி கேட்டபோது, என்னால் ஒரு வாக்கியத்தைக்கூடச் சொல்ல முடியவில்லை. அந்தக் கால்வாயைப் பற்றி மட்டும் விரிவாகச் சொன்னேன்.

31 ஆண்டுகள் ஆசிரியராகவும், பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு சிறிய சங்கத்தின் செயலாளராகவும் இருந்து வருகிறேன். அந்த வகையில் நான் அமர்ந்து கேட்ட மேடைகள் பல நூறு இருக்கும். நானே பேசிப் பிறரைக் கொட்டாவி விட வைத்த மேடைகளும் உண்டு. ஆகவே இதை எழுதும்போது என்னை நான் விலக்கிக்கொள்ளவில்லை.

நம் நிகழ்ச்சிகளில் பேச்சு நீள்வதற்கு விளிகள்தாம் காரணம் என்று பலரும் சொல்வதுண்டு. துன், டான்ஸ்ரீ, டத்தோஸ்ரீ, டத்தோ என்ற அரசுப் பட்டங்களில் தொடங்கி, பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர், வாரிய உறுப்பினர், நன்கொடையாளர் என்று போய் முடியும் அந்தப் பட்டியலை வரவேற்புரையாளரும் தலைமையுரையாளரும் சிறப்புரையாளரும் நன்றியுரையாளரும் தனித்தனியே ஒப்பிக்கிறார்கள். அன்று நான் எண்ணிப் பார்த்தேன். பதினொரு பெயர்களை நான்கு பேர் சொன்னார்கள். ஒரு பெயருக்கு ஐந்து விநாடி என்று வைத்துக்கொண்டாலும், நாற்பத்து நான்கு விளிகளுக்கும் நான்கு நிமிடம் கூட ஆகவில்லை. எனவே இழப்பு நிமிடக் கணக்கில் இல்லை. ஒருவர் ஒலிவாங்கியின் முன் வந்து நிற்கும் முதல் அரை நிமிடத்தில்தான் கூட்டம் அவரை உண்மையாகவே பார்க்கிறது. என்ன சொல்லப் போகிறார் என்று காத்திருக்கிறது. அந்த அரை நிமிடத்தைப் பெயர்ப் பட்டியலுக்குக் கொடுத்துவிட்டால், பிறகு எவ்வளவு அரிய செய்தியைச் சொன்னாலும் அது கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் தலைகளின் மேல்தான் விழுகிறது. ஒரு பெயர் விடுபட்டால் மனத்தாங்கல் வரும், வரிசை மாறினால் அடுத்த ஆண்டு நன்கொடை குறையும் என்ற ஏற்பாட்டாளர்களின் அச்சம் எனக்குப் புரியாததல்ல. நிகழ்ச்சி நெறியாளர் தொடக்கத்திலேயே அனைவர் பெயரையும் உரிய வரிசைப்படி ஒரு முறை சொல்லிவிட்டு, பின்னர் பேசுவோர் 'அவையோர் அனைவருக்கும் வணக்கம்' என்று தொடங்கினால் யாருடைய மரியாதையும் குறைந்துவிடாது.

ஆனால் விளிகளை எடுத்துவிட்ட பிறகும் பேச்சு வெறுமையாகவே இருக்கும் என்றால் என்ன செய்வது? தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்று பேச வருபவர், 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கிய வரலாற்றிலிருந்து ஆரம்பிக்கிறார். பெருமைக்குரிய வரலாறுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆறு வயது மகனுடன் பின்வரிசையில் நிற்கும் தாய் தெரிந்துகொள்ள விரும்புவது, அந்தப் பள்ளிக்குப் பேருந்து வருமா, மாலையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு உண்டா என்பதை. 200 ஆண்டுகளைக் கடந்து அந்தக் கேள்விக்கு அவர் வந்து சேர்வதற்குள், பிள்ளை அழத் தொடங்கிவிட, தாய் வெளியே போய்விடுகிறாள். அதோடு 'என்பதனை இவ்வேளையில் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறேன்' என்ற வால் ஒவ்வொரு வாக்கியத்திலும் தொங்குகிறது. அந்த வாலை வெட்டினாலே பல உரைகள் பாதியாகச் சுருங்கிவிடும். (குறள் எதையும் இங்கே நான் எடுத்துக்காட்டப் போவதில்லை. மேடைதோறும் அது போதுமான அளவு சொல்லப்படுகிறது.)

இதற்கு மாறான ஒரு பேச்சையும் நான் கேட்டிருக்கிறேன். 2024ஆம் ஆண்டு மே 11 முதல் ஊழியர் சேமநிதியில் 55 வயதுக்குட்பட்ட உறுப்பினர்களின் கணக்கு மூன்றாகப் பிரிக்கப்பட்டது தங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அதை விளக்குவதற்காக ஜூலை மாதத்தில் ஒரு கோயில் மண்டபத்தில் கூட்டம் கூட்டியிருந்தார்கள். முதலில் பேசிய வட்டாரத் தலைவர், சீர்திருத்தம், உருமாற்றம், எதிர்காலப் பாதுகாப்பு என்று முக்கால் மணி நேரம் முழங்கினார். அவர் அமர்ந்ததும், தொழிற்சாலைச் சீருடையோடு வந்திருந்த ஒரு நடுத்தர வயதுக்காரர் எழுந்து, "அப்ப நான் இப்ப என்னாங்க செய்யணும்?" என்று கேட்டார். தலைவர் தம் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தரையைப் பார்த்தார்.

அப்போது வங்கியில் வேலை செய்யும் இளம்பெண் ஒருவர் எழுந்து முன்னே வந்தார். தேநீருக்காக வைத்திருந்த மேசையிலிருந்து இருபது பிஸ்கட்டுகளையும் மூன்று தட்டுகளையும் எடுத்தார். முதல் தட்டில் பதினைந்து, இரண்டாவதில் மூன்று, மூன்றாவதில் இரண்டு என்று வைத்தார். இனிமேல் உங்கள் சம்பளத்திலிருந்து போகும் ஒவ்வொரு 100 வெள்ளியிலும் (ரிங்கிட்) 75 வெள்ளி முதல் தட்டுக்குப் போகும், அது உங்கள் ஓய்வுக் காலத்துக்கு. 15 வெள்ளி இரண்டாவதுக்கு, வீடு, கல்வி, மருத்துவம் போன்றவற்றுக்கு. 10 வெள்ளி மூன்றாவதுக்கு, அதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் ஒரு முறைக்குக் குறைந்தது 50 வெள்ளி எடுக்க வேண்டும் என்றார். பழைய இரண்டாம் கணக்கில் இருக்கும் பணத்தில் ஒரு பகுதியை மூன்றாவதுக்கு மாற்ற நினைப்பவர்கள் ஆகஸ்டு 31க்குள் ஒரே ஒரு முறை விருப்பம் தெரிவிக்கலாம், எதுவும் செய்யாவிட்டால் அந்தப் பணம் அப்படி மாறாது, பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். இப்போதே எடுத்தால் பிற்காலத்தில் குறையுமா என்று சீருடைக்காரர் கேட்டார். "குறையும்" என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. அந்தப் பெண் பேசியது ஆறு நிமிடத்துக்கு மேல் இருக்காது. ஒலிவாங்கியைக்கூட அவர் தொடவில்லை. ஆனால் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் தட்டுகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவர் தமக்குத் தெரிந்த அனைத்தையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கவில்லை. கேட்பவர் மறுநாள் என்ன முடிவெடுக்க வேண்டியிருக்கிறது என்பதிலிருந்து பின்னோக்கி வந்து, அதற்குத் தேவையானதை மட்டும் சொன்னார். 'குறையும்' என்ற சொல் கேட்பவருக்குப் பிடிக்காது என்று தெரிந்தும் சொன்னார். அந்த மண்டபத்தில் அன்று தலைவர் யார் என்று என்னைக் கேட்டால், மாலை அணிந்திருந்தவரை நான் சொல்லமாட்டேன்.

இது புதிதாக வந்த கலையும் அல்ல. 1950களின் பிற்பகுதியில் ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, வேலையும் வீடும் ஒருசேரப் போகும் நிலையில் தோட்டத் தொழிலாளர்கள் இருந்தார்கள். அந்தச் சூழலில்தான் அன்றைய ம.இ.கா. (மலாயா இந்தியர் காங்கிரஸ்) தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளர்களிடம் நேரில் பேசினார். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. கெடாவில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றிய என் தந்தையும் அந்தச் சங்கத்தில் உறுப்பினரானார். எழுத்து வாசனை அதிகம் இல்லாத அவரிடம், அன்று தோட்டத்துக்கு வந்து பேசியவர்கள் என்ன சொன்னார்கள் என்று நான் இளைஞனாக இருந்தபோது கேட்டதுண்டு. 'பத்து வெள்ளி' என்பது மட்டுமே அவர் நினைவில் இருந்தது. பங்கு 100 வெள்ளி, பத்துப் பத்தாகக் கட்டலாம், கட்டினால் தோட்டத்தில் நமக்கும் பங்கு. பொருளாதாரத் தன்னிறைவைப் பற்றி யாராவது அவரிடம் ஒரு மணி நேரம் பேசியிருந்தால், பெட்டியிலிருந்து அந்தப் பத்து வெள்ளி வெளியே வந்திருக்குமா என்பது எனக்கு ஐயம்தான்.

நெருக்கடிக் காலத்தில் தலைமைப் பேச்சு எப்படி இருக்க வேண்டும் என்பதை அண்மையிலும் பார்த்தோம். 2020 மார்ச் 18இல் கோவிட் தொற்றால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, அன்றைய சுகாதாரத் தலைமை இயக்குநர் டாக்டர் நோர் ஹிஷாம் அப்துல்லா நாள்தோறும் தொலைக்காட்சியில் தோன்றினார். புதிய தொற்று, குணமடைந்தோர், தீவிர சிகிச்சையில் இருப்போர், இறந்தோர் என எண்களை மறைக்காமல், குரலை உயர்த்தாமல் சொன்னார். நாட்டின் பாதி வீடுகள் அவருக்காகக் காத்திருந்தது போல எனக்குத் தோன்றியது. அவரிடம் அடுக்குமொழி இல்லை.

பேச்சு பிறவிக் கொடை, வந்தால் வரும், வராவிட்டால் இல்லை என்று கைவிடுகிறவர்களும் நம்மிடையே உண்டு. எனக்கு 41 வயதில், ஒரு நண்பரின் வற்புறுத்தலால் ஜார்ஜ்டவுனில் மேடைப் பேச்சுப் பயிற்சி தரும் ஒரு டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றத்தில் சேர்ந்தேன். 1924 அக்டோபர் 22இல் கலிபோர்னியாவின் சாண்டா ஆனா நகரில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் ரால்ப் ஸ்மெட்லி என்பவர் தொடங்கி வைத்த அமைப்பு அது. அங்கே ஏழு நிமிட உரை என்றால் ஐந்தாம் நிமிடத்தில் பச்சை விளக்கு, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. பேசும்போது 'ஆ', 'ஊ' என்று இழுப்பதை எண்ணிச் சொல்ல ஒருவர் இருப்பார். உரை முடிந்ததும் குறை நிறைகளைப் பலர் முன்னிலையில் சொல்ல இன்னொருவர் எழுவார். முதல் நாள் என் கணக்கில் இருபத்து மூன்று 'ஆ' விழுந்தது. பதின்மூன்று ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியனுக்கு அது எவ்வளவு வெட்கமாக இருந்திருக்கும் என்பதைத் தங்கள் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன். ஆயினும் அடுத்த கூட்டத்துக்கும் போனேன். 2014 ஆகஸ்டில் அந்த அமைப்பின் உலக மாநாடு கோலாலம்பூரில் நடந்தபோது, உலகப் பேச்சுப் போட்டியில் வென்றவர் இலங்கையைச் சேர்ந்த தனஞ்சய ஹெட்டியாராச்சி. மேடை எவருக்கும் ஏகபோகம் அல்ல என்று அன்று பெருமைப்பட்டேன்.

இதைச் சொல்லும்போதே என் தொழிலின் மீதும் ஒரு குற்றத்தைச் சுமத்த வேண்டியிருக்கிறது. பள்ளிப் பேச்சுப் போட்டிகளுக்கு உரையை எழுதிக் கொடுத்தவர்கள் நாங்கள். 'நீதி வழுவா நடுவர்களே, நேரம் தவறா நேரக் காப்பாளரே' என்று தொடங்கி, எந்த வரியில் கையை உயர்த்த வேண்டும், எந்தச் சொல்லில் குரலை நடுங்கவிட வேண்டும் என்பது வரை சொல்லிக் கொடுத்து மனனம் செய்ய வைத்தோம். பிள்ளை கோப்பை வாங்கியது, நாங்கள் கைத்தட்டு வாங்கினோம். ஆனால் தனக்கென்று சொல்ல ஒன்று இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் கற்றுத் தரவில்லை. அப்படி வளர்ந்தவர்களே பின்னாளில் பொறுப்புக்கு வந்து, அதிகாரி எழுதிக் கொடுத்த தாளை மேடையில்தான் முதன்முறையாகப் பிரிக்கிறார்கள். பக்கம் மாறிப் போனாலும் தெரியாமல் படித்துக்கொண்டே போகிறார்கள். கால்வாயைப் பற்றிப் பேசிய சிறுமியின் உரையை அவளே எழுதினாள் என்று அவள் ஆசிரியை பின்னர் என்னிடம் சொன்னார். குறைத்த அந்த இரண்டு புள்ளிகள் என்னை இன்னும் உறுத்துகின்றன.

ஆசிரியர் அவர்களே, தங்கள் நாளேட்டிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. நிகழ்ச்சிச் செய்திகளில் பொன்னாடை போர்த்தும் படமும், மாதிரிக் காசோலையைப் பிடித்திருக்கும் படமும், வந்திருந்த பிரமுகர்களின் பெயர்களும் தவறாமல் இடம் பெறுகின்றன. 'உரையாற்றினார்' என்பதோடு செய்தி நின்றுவிடுகிறது. அவர் கூட்டத்தினரிடம் எதைச் செய்யக் கேட்டார் என்று ஒரு வாக்கியம் எழுத வேண்டும் எனத் தங்கள் நிருபர்களுக்குச் சொல்ல இயலுமா? எழுத ஒன்றும் கிடைக்காத நாளில் அந்த இடத்தை வெறுமையாக விட்டால் போதும். சில வாரங்களில் உரைகள் தாமே மாறத் தொடங்கும் என்று நம்புகிறேன்.

எங்கள் சங்கத்தில் ஒரு தொடக்கம் செய்ய முடிவெடுத்திருக்கிறோம். வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தலைவருக்கு ஏழு நிமிடம், சிறப்பு விருந்தினருக்குப் பத்து நிமிடம் என்று அழைப்பிதழிலேயே அச்சிடச் செயலவை ஒப்புக்கொண்டது. பள்ளியில் நான் பயன்படுத்திய பித்தளைக் கைமணியை மெருகேற்றி வைத்திருக்கிறேன். தலைவரைப் பார்த்து அதை அடிக்க மட்டும் இதுவரை ஒருவரும் முன்வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
பட்டர்வொர்த், பினாங்கு