துணி மூட்டை வேண்டாம், அப்பா

முலாஞ்சே மாவட்டம், மலாவி
ஜூலை 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். நான் நலமாக இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் தங்கையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் மை பேனாவால் எழுதி, தங்கை படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய கடிதத்தைப் படித்தேன். எழுத்தில் நடுக்கம் இல்லை, சந்தோஷம். அதட்டலும் குறையவில்லை.

நான் இங்கே மிஷன் ஆஸ்பத்திரியில் கருவிகளைப் பழுதுபார்க்கிறவன், ஆனாலும் மிஷனெரி ஞாயிறு ஆராதனையில் வாசிக்க அறிக்கை வேண்டும் என்கிறீர்கள். எத்தனை ஆத்துமாக்கள் ஆதாயம் என்று ஒரு கணக்கு, ஏழைப் பிள்ளைகளோடு நான் நிற்கும் நாலைந்து படங்கள், வாலிபர் சங்கம் சேர்த்து வைத்திருக்கும் பழைய துணியை அனுப்ப ஒரு விலாசம். சபைச் செயலாளராக நீங்கள் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் கேட்டது மகனிடம் அல்லவா, கொஞ்சம் மல்லுக்கு நிற்கிறேன்.

கணக்கு எழுதும் இடத்தில் பூஜ்யம் என்று போட்டுக்கொள்ளுங்கள். 2018 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலாவியில் 77 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே, 2011 கணக்கில், பாதிக்குச் சற்றுக் குறைவுதான். நியாயமாகப் பார்த்தால் இவர்கள்தான் நமக்கு மிஷனெரி அனுப்ப வேண்டும். காலையில் வேலை தொடங்குமுன் ஊழியர் ஜெபம் நடக்கும். வாத்தியம் எதுவும் கிடையாது. துப்புரவுப் பணியாளர் ஒருவர் நின்ற இடத்தில் முதல் அடியை எடுத்துக் கொடுப்பார், நர்ஸுகளும் காவலாளிகளும் நாலு குரலாகப் பிரிந்து சேர்ந்துகொள்வார்கள். நம் பாடகர் குழுத் தலைவர் ஒருமுறை கேட்டால் கீபோர்டை மூடிவைத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை காணிக்கைக்குப் பை சுற்றிவராது, ஜனங்களே ஆடிக்கொண்டு முன்னால் போய்ப் போடுகிறார்கள். அறுவடைக் காலத்தில் மக்காச்சோள மூட்டையும் வரும். இவர்களுக்கு நான் என்ன சுவிசேஷம் சொல்வது?

சுவிசேஷம் இங்கே வந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகப்போகிறது. ஸ்காட்லாந்துக்காரர்கள் 1876இல் பிளாண்டயரில் மிஷன் தொடங்கினார்கள். ஆப்பிரிக்காவுக்கு வந்த மிஷனெரி டேவிட் லிவிங்ஸ்டன் பிறந்த ஊரின் பெயர்தான் அந்த நகரத்துக்கு. அங்கே செங்கல்லால் கட்டிய பெரிய ஆலயம் ஒன்று 1891இல் முடிந்தது. கட்டியவர் டேவிட் கிளெமென்ட் ஸ்காட் என்ற போதகர், கட்டடக் கலை படித்தவரே அல்ல. கட்டிய கைகள் உள்ளூர்க் கைகள். போன மாதம் உதிரிபாகம் வாங்கப் போனபோது உள்ளே சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இவர்களுடைய 500 குவாச்சா நோட்டில் இருப்பவரும் ஒரு போதகர்தான், ஜான் சிலெம்ப்வே. அமெரிக்காவில் வேதசாஸ்திரம் படித்துவிட்டு 1900இல் ஊர் திரும்பி, பள்ளிக்கூடங்களும் ஆலயமும் கட்டினார். பக்கத்தில் மகோமெரோ என்ற பெரிய எஸ்டேட். டேவிட் லிவிங்ஸ்டனின் பேரனுக்குச் சொந்தமானது. குடியிருக்கும் நிலத்துக்கு வாடகையாகக் கூலியில்லாமல் உழைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். தொழிலாளர்கள் கட்டிய ஜெபவீடுகளை எஸ்டேட் மேலாளர் கொளுத்தினார். 1915 ஜனவரியில் சிலெம்ப்வே கிளர்ச்சி செய்தார். மேலாளர் தலை போயிற்று. சில நாளில் சிலெம்ப்வேயும் சுடப்பட்டார். அவருடைய ஆலயத்தை அரசாங்கம் வெடிவைத்துத் தகர்த்தது. ஜனவரி 15 இங்கே அரசு விடுமுறை. மேலாடை உரிமைக்கு நம் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிற உங்களுக்கு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. நம் ஊரில் மிஷனெரி பெரும்பாலும் ஒரே பக்கம் நின்றார். இங்கே லிவிங்ஸ்டன் பெயர் இரண்டு பக்கமும் இருக்கிறது. சபையில் வாசிக்கும்போது இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள், ஒரு மணி நேர வாக்குவாதம் மிச்சம்.

அடுத்தது படம். இங்கே நோயாளிக்குச் சமைத்துப் போடுவதும் துணி துவைப்பதும் உடன் வந்தவர் பொறுப்பு. வார்டுகளுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை இருக்கிறது. அதற்குள் மும்மூன்று கல் வைத்த அடுப்புகள் வரிசையாக இருக்கும். மலையைச் சுற்றி வருகிறவர்களும், மொசாம்பிக் எல்லை தாண்டி வருகிறவர்களும் அங்கேதான் படுக்கிறார்கள். ஜனவரி, பிப்ரவரியில் வீட்டில் மக்காச்சோளம் தீர்ந்துபோகும், புது விளைச்சல் ஏப்ரலுக்குத்தான். அந்த மாதங்களில் கொட்டகையில் இரண்டு குடும்பத்துக்கு ஒரு பானை பொங்கும். சபைப் பெண்கள் சங்கத்தார் மாவும் சோப்பும் தலையில் சுமந்து கொண்டுவந்து அடுப்படி அடுப்படியாகக் கொடுத்து, முழங்காலிட்டு ஜெபித்துவிட்டுப் போவார்கள். அவர்கள் வீட்டிலும் அதே பஞ்சம்தான்.

அந்தக் கொட்டகையில் போய்ப் படம் எடுக்க எனக்குக் கை வரவில்லை. கேட்டால் மறுக்க மாட்டார்கள். அதுதான் சங்கடமே. ஆஸ்பத்திரிச் சட்டை போட்டவனிடம் முடியாது என்று சொன்னால் உள்ளே படுத்திருக்கும் பிள்ளைக்கு ஏதாவது குறைந்துவிடுமோ என்று பயப்படுவார்கள். தங்கை பிறந்தபோது நம் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் அம்மா படுத்திருந்ததை யாரோ படம் பிடித்து லண்டனில் காட்டிக் காணிக்கை எடுத்திருந்தால் நீங்கள் சும்மா விட்டிருப்பீர்களா?

துணி வேண்டவே வேண்டாம். இங்கே சந்தைக்குச் சந்தை கௌஞ்சிகா என்று பழைய துணி மலைபோலக் குவிந்து கிடக்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தர்மமாகக் கொடுத்தவை பேல் பேலாகக் கட்டப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. எங்கள் காவலாளி ஏதோ ஓர் அமெரிக்கப் பள்ளியின் கூடைப்பந்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு காவல் காக்கிறார். மலாவிக்குக் கடல் கிடையாது. கப்பலில் வரும் எந்தச் சாமானும் மொசாம்பிக்கின் பெய்ரா, நாகாலா போன்ற வெளிநாட்டுத் துறைமுகத்தில் இறங்கி லாரியில் ஏறி வர வேண்டும். நம் வாலிபர் சங்கத்துத் துணியின் விலையைவிட அதன் பயணச் செலவு அதிகமாகும்.

மார்த்தாண்டத்தில் மூடப்போகும் நர்சிங் ஹோமின் பழைய மானிட்டர்களைச் சும்மா தருகிறார்கள் என்று குதூகலமாக எழுதியிருக்கிறீர்கள். அப்பா, என் பட்டறைக்குப் பின்னறையை நீங்கள் பார்க்க வேண்டும். 110 வோல்ட்டுக்குச் செய்த கருவியை யாரோ இங்குள்ள 230 வோல்ட்டில் செருகி, புகைந்துபோனது ஒன்று. திரையில் வரும் எழுத்து எந்த மொழி என்றே தெரியாதது ஒன்று. கேபிள் இல்லாதவை, பேட்டரி செத்தவை, கம்பெனியே மூடப்பட்டவை. ஒவ்வொன்றின் நெற்றியிலும் அன்போடு வழங்கியவர் யார் என்ற ஸ்டிக்கர். ஏழை நாடுகளில் இருக்கும் மருத்துவக் கருவிகளில் சுமார் 40 சதவீதம் ஓடாமல் கிடப்பதாக 2011இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. என் பின்னறையை எண்ணினால் அதையும் மிஞ்சும்.

உயிர் காப்பவை வேறு. ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் என்று கோவிட் காலத்தில் நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அறைக் காற்றை இழுத்து, ஜியோலைட் என்ற மணிகள் நிறைந்த குழாய்க்குள் அழுத்தும். நைட்ரஜன் மணிகளில் ஒட்டிக்கொள்ள, 90 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் வெளியே வரும். மணிகளுக்கு ஈரம் ஆகாது. இங்கேயோ இந்த மாதங்களில் மொசாம்பிக் பக்கமிருந்து சிப்பெரோனி என்ற மூடுபனித் தூறல் வந்தால் நாள்கணக்கில் சுவரே வியர்க்கும். ஒரு கருவியின் விளக்கெல்லாம் பச்சையாக எரிந்தது, சத்தமும் வந்தது. அளந்து பார்த்தால் 58 சதவீதம். 82க்குக் கீழே இறங்கவே கூடாது. பச்சை விளக்கை நம்பி அதைக் குழந்தைக்கு வைத்திருந்தார்கள். திறந்தால் வடிகட்டியில் அடுப்புப் புகையும் செம்மண் தூசியும் அப்பிக் களிம்பாகிவிட்டிருந்தன, மணிகள் கட்டிதட்டிப்போயிருந்தன.

குறைமாதக் குழந்தைகளுக்கு மூச்சு கொடுக்க இன்னொரு கருவி. மீன் தொட்டிக்கு வைக்கும் பம்பைக் கொண்டு அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக மாணவர்கள் ஆரம்பத்தில் செய்தது, பிளாண்டயர் அரசு மருத்துவமனையில் சோதித்தது. காற்றுக் குழாயின் ஒரு முனை குழந்தையின் மூக்கில், மறுமுனை தண்ணீர் பாட்டிலுக்குள். ஆறு சென்டிமீட்டர் முங்கியிருந்தால் ஆறு சென்டிமீட்டர் தண்ணீர் அழுத்தம், அவ்வளவுதான் கணக்கு. குமிழி வந்துகொண்டிருந்தால் சரி, நின்றால் எங்கோ கசிவு. வார்டின் அந்தக் கோடியிலிருந்தே நர்ஸ் பார்த்துவிடுவார். மூச்சுத்திணறல் நோய் கண்ட பச்சிளங்குழந்தைகளில் 24 சதவீதம் பிழைத்த இடத்தில் இதை வைத்தபின் 65 சதவீதம் பிழைத்தார்கள். இந்த ஊருக்கென்றே யோசித்துச் செய்ததால் இது ஓடுகிறது.

இனி என் விண்ணப்பத்துக்கு வருகிறேன். என்னோடு பட்டறையில் ஒரு பையன் வேலை பழகுகிறான். சைக்கிள் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவன். கான்சன்ட்ரேட்டரில் வால்வு மாறும்போது சில விநாடிக்கு ஒருமுறை ‘புஸ்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தத் தாளம் பிசகுவதை வராந்தாவில் நடந்துபோகும்போதே காதால் கண்டுபிடித்து, நான் மீட்டரை எடுக்குமுன் எந்த வால்வு என்று சொல்லிவிடுகிறான். எனக்கு அந்தக் காது கிடையாது. அவன் படிக்கப் பிளாண்டயரில் பயோமெடிக்கல் படிப்பு இருக்கிறது, கட்டணம்தான் இல்லை. மிஷன் ஆஸ்பத்திரிகளில் டாக்டர், நர்ஸ் சம்பளம் பெரும்பாலும் அரசாங்கமே கொடுக்கிறது. எங்கள் பட்டியலில் கருவி பார்ப்பவனுக்கு இடமில்லை. போன நவம்பரில் குவாச்சாவின் மதிப்பைக் குறைத்ததில் டாலரின் விலை ஒரே அடியாக 44 சதவீதம் ஏறியது, அதிலிருந்து உதிரிபாகம் வாங்கவே நிர்வாகம் மூச்சுவாங்குகிறது. நான் என்றைக்காவது ஊர் திரும்பிவிடுவேன், அவன் வீடு ஆஸ்பத்திரி மதிலுக்கு அந்தப் பக்கம். மிஷனெரி ஞாயிறு காணிக்கையை அவன் படிப்புக்கும் பிறகு சம்பளத்துக்கும் என்று ஒதுக்கினால் போதும். வருஷா வருஷம் வர வேண்டும், ஒரு வருஷம் கொடுத்துக் கைதட்டிவிட்டுப் போவதானால் வேண்டாம்.

கமிட்டியில் யாராவது, ஊழியத்துக்குக் கொடுத்த காசில் ஸ்குரூடிரைவர் வாங்குவதா என்று கேட்பார்கள். யார் கேட்பார் என்பதும் எனக்குத் தெரியும். அவருக்கு நெய்யூரை நினைவுபடுத்துங்கள். 1838இல் டாக்டர் ராம்சே வந்தார் என்று ஆண்டுவிழாவில் சொல்கிறோம். எவரெஸ்ட் ஏறப் போன டாக்டர் சாமர்வெல் நெய்யூரில் நோயாளிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே ஊழியம் செய்ய வந்தார் என்று பெருமைப்படுகிறோம். 1860களில் டாக்டர் ஜான் லோ நம் ஊர்ப் பையன்களை உட்காரவைத்து வைத்திய வகுப்பு எடுத்தாரே, அதை யார் பேசுகிறார்கள்? கிராமம் கிராமமாகக் கிளை மருந்தகங்கள் நடந்தது அந்தப் பையன்களால்தான். அன்றைக்கு லண்டனில் யாரோ, சுவிசேஷப் பணத்தில் மருந்து கலக்கச் சொல்லிக்கொடுப்பதா என்று முறைத்திருக்கவும் கூடும்.

அம்மா சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டிய ந்சிமாதான் தினமும். கையால் உருட்டிச் சாப்பிடுவதால் எனக்குச் சிரமமில்லை. உசிபா என்று ஏரிக் கருவாடு கிடைக்கிறது, நெத்திலி அளவு. மரச்சீனிக் கிழங்கும் தாராளமாகக் கிடைக்கிறது. வேகவைத்து, உசிபாவை மிளகாய் போட்டு அரைத்துத் தொட்டுக்கொண்டால் ஞாயிறு மதியம் நம் வீட்டு முற்றம்தான். தேங்காய் மட்டும் கண்ணில் படுவதில்லை. ஜன்னலைத் திறந்தால் தேயிலைத் தோட்டம், அதற்கு மேல் முலாஞ்சே மலை, 3,000 மீட்டர். இந்த மாவட்டத்தில் 1891இல் முதலில் தேயிலை நட்டவர் இலங்கையில் காப்பித் தோட்டம் நடத்தி வந்தவராம். மலைச் சரிவில் இன்னும் செந்நிறக் கீறல்கள் தெரிகின்றன, 2023 மார்ச்சில் ஃபிரெடி புயல் மண்ணை வழித்துக்கொண்டு போன இடங்கள். இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக ஆயிரத்துக்கு மேல். வீடிழந்தவர்கள் முதலில் போய்ப் படுத்தது பள்ளிக்கூடங்களிலும் ஆலயங்களிலும்தான். ஒக்கி புயலுக்குப் பிறகு நம் கடற்கரையில் நடந்ததுபோலவே.

ஜூலையில் இங்கே கடுங்குளிர் என்றால் அம்மா நம்ப மாட்டார்கள். இரண்டு போர்வை போர்த்துகிறேன். காய்ச்சல் எதுவும் இல்லை என்று சொல்லுங்கள், கொசுவலை கட்டித்தான் படுக்கிறேன். அம்மாவின் சர்க்கரை மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுவதாகத் தங்கை சொன்னாள். விலை பார்த்து அப்படிச் செய்ய வேண்டாம், இந்த மாதம் கூடுதலாக அனுப்புகிறேன்.

கிணற்று மோட்டார் ‘ஊம்’ என்று சத்தம் போட்டுச் சுற்றாமல் நிற்கிறது, புதிது வாங்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கப்பாசிட்டர் போயிருக்கும், இல்லாவிட்டால் பேரிங் இறுகியிருக்கும். முதலில் கப்பாசிட்டரை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், சில நூறு ரூபாய்தான் ஆகும். பழையதில் எத்தனை மைக்ரோஃபாரட் என்று எழுதியிருக்கும், அதையே வாங்க வேண்டும். மாற்றிய பிறகும் ஓடவில்லை என்றால் தங்கையிடம் சொல்லி வீடியோவில் கூப்பிடுங்கள், சத்தத்தைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

உங்கள் அன்பு மகன்