காப்பியில் என்ன வெளியுறவு என்று கேட்ட அக்கா மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

ஏற்காட்டிலிருந்து மாமா எழுதுகிறேன். டெல்லி ஜே.என்.யூ. பல்கலைக்கழகத்தில் வெளியுறவுத் துறையில் பிஎச்.டி. இடம் கிடைத்த சந்தோஷத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே நீ கேட்டாயே, "எல்லோரும் சீனா, பாகிஸ்தான், அணு ஆயுதம்னு எடுக்கறாங்க, நான் காப்பியை எடுத்தா சின்னதாத் தெரியுமா மாமா?" என்று. உன்னைப் போலத் தயங்கும் பிள்ளைகள் இன்னும் இருப்பார்கள், அதனால் பொதுவிலேயே பதில் எழுதுகிறேன்.

சின்னதே இல்லை. 1962-இல் போட்ட சர்வதேச காப்பி ஒப்பந்தம், விலை விழாமலிருக்க, எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று பங்கு பிரித்தது. பனிப்போர்க் காலம் அது. விலை விழுந்தால் லத்தீன் அமெரிக்க விவசாயி கம்யூனிசத்தின் பக்கம் போய்விடுவான் என்ற பயத்தில்தான், காப்பியை வாங்கிக் குடிக்கும் அமெரிக்காவே அதற்குச் சம்மதித்தது. 1989 ஜூலையில் அந்தப் பங்கீடு முறிந்து உலகச் சந்தையில் விலை சரிந்தது. நம் காப்பியை டாலர் இல்லாமல் ரூபாய்க் கணக்கில் நிறைய வாங்கிக்கொண்டிருந்த சோவியத் யூனியன், 1991-இல் நாடாகவே இல்லாமல் போயிற்று. இதெல்லாம் வெளியுறவு இல்லையென்றால் வேறு எது கண்ணு?

இப்போது பார். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காப்பி தங்கள் சந்தைக்குள் வரக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் சட்டம் போட்டது. நடைமுறைக்கு வரும் நாளைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். காடு பிழைக்க வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இரண்டு ஏக்கரில் சில்வர் ஓக் நிழலில் காப்பியும் மிளகுக்கொடியும் வைத்திருப்பவர், தன் நிலம் எங்கே இருக்கிறது என்பதற்கு அட்சரேகை, தீர்க்கரேகை காட்ட வேண்டும். அந்தச் சட்டம் பேசி முடிவான மேசையில் அவருக்காக யார் பேசினார்கள்? அதை நீ தேடு.

அக்கா ஐ.எஃப்.எஸ்., அதாவது இந்திய வெளியுறவுப் பணித் தேர்வு, எழுதச் சொல்கிறாள். எழுது, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆய்வைப் பாதியில் விட்டுவிட்டு எழுதாதே. காப்பி வாரியமே வர்த்தக அமைச்சகத்தின் கீழ்தான் இருக்கிறது. இந்த விஷயம் தெரிந்தவர்கள் அங்கேயும் வேண்டும், வெளியுறவிலும் வேண்டும். அப்புறம், ரஷ்ய மொழி படி. உன் பல்கலைக்கழகத்திலேயே சொல்லித் தருகிறார்கள். பழைய வியாபாரக் கணக்கில் பாதி அந்த மொழியில்தான் இருக்கும்.

தாத்தாவின் தகரப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி வைத்திருக்கிறேன். காப்பி வாரியமே விளைச்சலை வாங்கி விற்று, விவசாயிக்குத் தவணை தவணையாகப் பணம் கொடுத்த காலத்து ரசீதுகள் அதில் இருக்கின்றன. சில தாள்கள் தொட்டாலே உதிர்கின்றன. டிசம்பரில் பழம் பறிப்புக்கு வரும்போது நல்ல கேமரா கொண்டு வா.

உன் மாமா