சொட்டும் நீரில் முகம் நனைத்தவருக்கு

அன்புள்ள ஹாரி டீன் ஸ்டான்டன் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் காலமாகி இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு இதை எழுத வைத்தவன் என் அக்கா மகன். விடுமுறைக்கு வந்தவன் 'தி அவெஞ்சர்ஸ்' பார்த்துக்கொண்டிருந்தான். வானத்திலிருந்து விழுந்து, கூரையைப் பொத்துக்கொண்டு கிடக்கும் ஹல்க் என்ற பச்சை ராட்சதன் மறுபடி மனிதனாகி, உடம்பில் துணியில்லாமல் கண் விழிக்கிறான். எதிரே ஒரு வயதான காவலாளி; அந்த வேடத்தில் நீங்கள். அவர் அலறவில்லை, ஓடவில்லை. நீ வேற்றுக்கிரகவாசியா என்று விசாரிக்கிறார். இல்லை என்றதும், அப்படியென்றால் உனக்கு ஏதோ வியாதி இருக்கிறது தம்பி என்று சொல்லிவிடுகிறார். பையன் விழுந்து விழுந்து சிரித்தான். "யார் மாமா இந்தத் தாத்தா?" என்றான்.

நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் ஹல்க் வேறு எதையோ உடைக்கப் போய்விட்டான், இவனும் அவன் பின்னாலேயே போய்விட்டான். மிச்சப் பதிலை உங்களிடமே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மொழியில் உங்களைப் போன்றவர்களைக் குணச்சித்திர நடிகர் என்போம். அழகான சொல். ஆனால் நடைமுறையில் அதைக் கண்ணீர் விடும் அப்பாக்களுக்குப் பட்டமாகக் கொடுத்துத் தீர்த்துவிட்டோம். குணத்தைச் சித்திரமாகத் தீட்டுவது என்றால் என்னவென்று எனக்குக் காட்டியது ஒரு பேய்ப் படம்போன்ற விண்வெளிப் படம்.

1979இல் வந்த 'ஏலியன்'. அதில் நீங்கள் பிரெட், கப்பலின் மெக்கானிக். யார் எதைச் சொன்னாலும் "சரி" என்பதைத் தவிர பெரிதாக வசனம் இல்லை. மீதி நேரத்தில் கூலி போதவில்லை என்ற முணுமுணுப்பு. காணாமல்போன பூனையைத் தேடி ஓர் உயரமான கூடத்துக்குள் போகிறீர்கள். மேலிருந்து சங்கிலிகள் தொங்குகின்றன, எங்கிருந்தோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் நின்று, தொப்பியைக் கழற்றி, முகத்தை அண்ணாந்து அந்தத் தண்ணீரில் காட்டுகிறீர்கள். அவ்வளவுதான். ஆனால் அந்தச் சில விநாடிகளில் வேலை முடிந்து களைத்த ஒரு தொழிலாளிக்குக் கிடைத்த இலவசக் குளிர்ச்சி முழுதும் இருக்கிறது. அடுத்த நிமிடம் அவன் சாகப்போகிறான் என்பது பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். பலியாவதற்கென்றே எழுதப்பட்ட ஒரு பாத்திரத்துக்கு யாராவது அழுவார்களா? எனக்குத் தொண்டை அடைத்தது. படம் முடிந்து ஓடும் பெயர்ப் பட்டியலை நிறுத்தி நிறுத்தி, உங்கள் பெயரை அன்றுதான் தேடிக் கண்டுபிடித்தேன்.

கென்டக்கி மாநிலத்தில் 1926இல் பிறந்தவர் நீங்கள். இரண்டாம் உலகப் போரில் கடற்படைச் சமையல்காரராக ஜப்பானின் ஒகினாவா வரை போய்த் திரும்பியவர். 1950களில் தொடங்கித் தொலைக்காட்சித் தொடர்களில் குதிரைத் திருடனாகவும் துப்பாக்கிக்காரனாகவும் ஆண்டுக்கணக்கில் தேய்ந்தீர்கள். உங்கள் நண்பர் ஜாக் நிக்கல்சன் ஒரு கௌபாய்ப் படத்துக்காக உங்களுக்கென ஒரு வேடம் எழுதிக் கொடுத்தபோது, எதுவும் செய்யாதே, உடுப்பே நடித்துக்கொள்ளும் என்று சொன்னாராம். இந்தக் கதையை நீங்களே பலமுறை சொல்லியிருக்கிறீர்கள். கேட்பதற்குச் சோம்பேறித்தனம்போல இருக்கும். செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். கேமரா முன்னால் சும்மா இருக்கச் சொன்னால், நமக்குக் கை எங்கே வைப்பது என்றே தெரியாது.

1984இல் 'பாரிஸ், டெக்சாஸ்'. 57 வயதில்தான் முதன்முதலாகக் கதாநாயகன். சிவப்புத் தொப்பியும் அழுக்குக் கோட்டுமாகப் பாலைவனத்திலிருந்து நடந்து வரும் டிராவிஸ், இருபது நிமிடத்துக்கும் மேலாக வாயே திறப்பதில்லை. பிறகு, கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பிரிந்துபோன மனைவி. அவளால் உங்களைப் பார்க்க முடியாது. நீங்கள் அவளைப் பார்க்கலாம். ஆனால் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தொலைபேசியில் ஒரு கதை சொல்லத் தொடங்குகிறீர்கள். யாரோ ஒருவனும் யாரோ ஒருத்தியும் என்று. அவளைப் பார்த்துக்கொண்டே சொல்ல அவனுக்கு யோக்கியதை இல்லை என்பதை அந்த நாற்காலி சொல்லிவிடுகிறது. உங்கள் குரல் ஏறவில்லை, உடையவில்லை. அந்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் படத்துக்கு அங்கே உச்ச விருதான தங்கப் பனை கிடைத்தது. ஆஸ்கர் பரிந்துரை உங்களுக்குக் கடைசிவரை ஒன்றுகூட வரவில்லை. அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை, கோபம்தான்.

பல்துறை நடிகர் என்று உங்களைப் பாராட்டுகிறவர்களோடு எனக்கு ஒரு சின்னத் தகராறு உண்டு. நீங்கள் முகத்தை மாற்றியவரல்ல. ஒட்டிய கன்னமும் தூக்கம் கெட்ட கண்ணும் எல்லாப் படங்களிலும் அதேதான். மௌனமும் அதே மௌனம்தான். டிராவிஸின் மௌனத்தைப் பார்த்தால் இரக்கம் வருகிறது. 2006இல் தொடங்கிய 'பிக் லவ்' தொடரில், பல மனைவிகளைக் கட்டியாளும் ரோமன் கிராண்ட் என்ற 'தீர்க்கதரிசி'யாக அதே மௌனத்தோடு உட்கார்ந்திருக்கும்போது அடிவயிறு கலங்குகிறது. மெல்லிய குரலில் பேசும் கிழவரைக் கண்டு அதற்கு முன் நான் பயந்ததில்லை.

விமர்சகர் ரோஜர் ஈபர்ட் ஒரு விதி வகுத்தார்: நீங்களோ, இன்னொரு குணச்சித்திர நடிகரான எம். எம்மட் வால்ஷோ துணை வேடத்தில் வரும் எந்தப் படமும் முழுக்க மோசமாக இருக்க முடியாது என்று. விதிவிலக்குகளையும் பின்னால் அவரே ஒப்புக்கொண்டார். அதைவிட 'தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி'தான் எனக்குப் பெரிய சான்று. உடம்புக்கு முடியாத அண்ணன் தம்பி இருவருக்கும் பத்தாண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவர்களில் ஒருவரான லைலுக்குப் பக்கவாதம் என்று கேள்விப்பட்டு மற்றவரான ஆல்வின், புல்வெட்டும் வண்டியிலேயே 240 மைல் ஊர்ந்து வருகிறார். உண்மையில் 1994இல் நடந்த பயணம். படம் முழுக்க நாம் லைலுக்காகக் காத்திருக்கிறோம். யார் வந்து நின்றால் இத்தனை மைலுக்கும் நியாயம் கிடைக்கும்? இடிந்த குடிசைக்குள்ளிருந்து நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நீங்கள் வருகிறீர்கள். உட்காரச் சொல்கிறீர்கள். வெளியே நிற்கும் வண்டியைப் பார்க்கிறீர்கள். உதடு நடுங்குகிறது. என்னைப் பார்க்க இதிலேயா இவ்வளவு தூரம் வந்தாய் என்று ஒரு கேள்வி. ஆமாம் என்று ஆல்வின். பிறகு இருவரும் வானத்தைப் பார்க்கிறார்கள். மொத்தம் சில நிமிடம்தான். சண்டை எதற்கு வந்தது என்று கேட்க யாருக்கும் தோன்றாது.

91 வயதில், 2017 செப்டம்பரில் நீங்கள் போனீர்கள். இரண்டு வாரம் கழித்து, நீங்கள் கதாநாயகனாக நடித்த 'லக்கி' திரைக்கு வந்தது. அதில் உணவக மேசையில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒகினாவாவைப் பற்றிப் பேசுபவர் டாம் ஸ்கெரிட், 'ஏலியன்' கப்பலின் கேப்டன். பிரெட்டும் கேப்டனும் கிழவர்களாகிக் காப்பி குடிப்பதைப்போல இருந்தது எனக்கு.

போன வாரம் விடுதியிலிருந்து அக்கா மகன் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினான். 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகம் பார்த்துக்கொண்டிருந்தானாம். சாட்சியைக் காவல் காக்கும் எஃப்.பி.ஐ. ஆள் ஒருவர் சில நிமிடம் வந்து போவாரே, அந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறான். "மாமா, உங்கள் தாத்தா இதிலும் இருக்கிறார். இளமையாக இருக்கிறார். ஆனால் அதே முகம்."

இப்படிக்கு,
உங்கள் பெயரைத் தாமதமாகத் தெரிந்துகொண்ட ஒரு ரசிகன்