தொடருக்கு முன்பே பிறந்த ஓபரா

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ ஓபரா (வசனமும் பாடலாகவே வரும் மேலை இசை நாடகம்) குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில் ஒரு தகவல் பிழை இருக்கிறது. இரண்டு குறைகளும் சொல்லப்பட்டிருக்கின்றன. பிழையைத் திருத்தியாக வேண்டும். குறைகளில் ஒன்று பாதி நியாயம், மற்றது அறவே நியாயமில்லை.

தொலைக்காட்சித் தொடர் ஓடிய வேகத்தைப் பார்த்து இந்த ஓபராவை உருவாக்கினார்கள் என்கிறது கட்டுரை. நடந்தது நேர்மாறு. மார்கரெட் அட்வுட்டின் நாவல் 1985இல் வெளிவந்தது. டென்மார்க் இசையமைப்பாளர் பவுல் ரூடர்ஸின் ஓபரா 2000 மார்ச்சில் கோபன்ஹேகனில் அரங்கேறியது. தொடர் வந்ததோ 2017இல். கட்டுரையாளர் குறிப்பிடும் 2022 லண்டன் நிகழ்ச்சி அதே ஓபராவின் புதுத் தயாரிப்பு. இயக்கமும் மேடையும் புதியவை, படைப்பு பழையது. அதை மேடையேற்றிய இங்கிலிஷ் நேஷனல் ஓபரா 2003லேயே இதை ஒரு முறை போட்டுவிட்டது. கதையின் பணிப்பெண்கள் அணியும் சிவப்பு அங்கியும் வெள்ளைத் தலைமறைப்பும்கூடத் தொடரிடம் கடன் வாங்கியவை அல்ல. நாவலிலேயே இருக்கின்றன.

‘கதை முன்னும் பின்னும் தாவுகிறது, தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை’ என்பது முதல் குறை. அந்தத் தாவலில்தான் இந்த ஓபராவின் முழுக் கெட்டிக்காரத்தனமும் இருக்கிறது. நாவல் ஆஃப்ரெட் என்ற பணிப்பெண் ஒருத்தியின் மனத்துக்குள்ளேயே நடக்கிறது. மேல்தட்டு ஆண்களுக்குப் பிள்ளை பெற்றுத் தரக் கட்டாயப்படுத்தப்பட்டவள் அவள். வாய் திறந்தால் ஆபத்து என்ற கிலியட் எனும் கற்பனை நாட்டில் அவள் வெளியே பேசுவது சொற்பம், உள்ளே பேசுவதோ ஏராளம். ஓபராவில் மனம் பேசுவதற்கென்று உள்ள இடம் ஏரியா, அதாவது தனிப்பாடல். ஏரியா தொடங்கினால் கதை நின்றுவிடும். ஆஃப்ரெட்டின் நினைவுகளை எல்லாம் ஏரியாவாக்கினால் மேடையில் ஒரு பெண் மூன்று மணி நேரம் நின்று பாடிக்கொண்டிருப்பாள், வேறு எதுவும் நடக்காது. போதாததற்கு, பேசி முடிக்கும் ஒரு வாக்கியத்தைப் பாடி முடிக்க இரண்டு மூன்று மடங்கு நேரம் பிடிக்கும். நாவலின் பெரும்பகுதியை வெட்டாமல் லிப்ரெட்டோ, அதாவது ஓபராவில் பாடப்படும் உரை, எழுத வழியே இல்லை.

லிப்ரெட்டோ எழுதிய பால் பென்ட்லி அவளை இரண்டாகப் பிரித்தார். இன்றைய ஆஃப்ரெட் ஒருத்தி. கணவனோடும் மகளோடும் வாழ்ந்த ‘முந்தைய கால’ ஆஃப்ரெட் இன்னொருத்தி. நினைவை விவரித்துப் பாட வேண்டியதில்லை, அது மேடையிலேயே காட்சியாக நடக்கிறது. இரண்டு பாத்திரமும் மெஸ்ஸோ சொப்ரானோ குரலுக்கு, அதாவது பெண்களின் நடுத்தர உயரக் குரலுக்கு, எழுதப்பட்டவை. ஒன்றை உச்சக் குரலாகவும் மற்றதைக் கீழ்க்குரலாகவும் வைத்திருந்தால் கேட்பவருக்கு அடையாளம் காண்பது எளிது. ஆனால் இருவரும் ஒருத்தியே என்பது கரைந்துபோகும். இழந்த மகளை நினைத்து இருவரும் சேர்ந்து பாடும் இடத்தில் எந்தக் குரல் யாருடையது என்று காது தடுமாறும். அந்தத் தடுமாற்றத்துக்காகவே அப்படி எழுதப்பட்டிருக்கிறது.

இதில் கோட்டை விடுவது பெரும்பாலும் இயக்குநர்கள்தான். குரல் பிரித்துக் காட்டாததை உடையும் ஒளியும் பிரித்துக் காட்ட வேண்டும். இருவரையும் ஒரே ஒளிக்குள் நிறுத்தினால் கட்டுரையாளர் சொன்ன குழப்பம் வரத்தான் செய்யும். அதற்கான பழி இசைக்கோ லிப்ரெட்டோவுக்கோ உரியதல்ல.

இன்னொரு மாற்றத்தையும் கவனிக்கலாம். கிலியட் ஆட்சி ஒழிந்து வெகுகாலத்துக்குப் பின், 2195இல், அறிஞர்கள் ஆஃப்ரெட்டின் ஒலிநாடாக்களை ஆராயும் கருத்தரங்கு நாவலில் கடைசியில் வருகிறது. ஓபரா அதை முதலிலேயே வைத்துவிடுகிறது. அங்கே பேராசிரியர் பேசுகிறார், பாடுவதில்லை. லண்டனில் 2022இல் அந்தப் பாத்திரத்தை ஏற்ற கமீல் கொத்தான் திரைப்பட நடிகை, பாடகி அல்ல. வறண்ட பேச்சு ஓய்ந்து பாட்டு எழும்போது, நாடாவில் கிடந்த பெண்ணுக்கு உயிர் வந்துவிடுகிறது. லோரின் மாசெல் இசையமைத்து 2005இல் லண்டன் கோவென்ட் கார்டனில் அரங்கேறிய ‘1984’ ஓபராவிலும் இதற்கு நெருங்கிய உத்தி ஒன்று உண்டு. அங்கே மக்களை வேவு பார்க்கும் டெலிஸ்கிரீன் என்ற திரையின் குரல் நடிகர் ஜெரமி அயர்ன்ஸ் பேசிப் பதிவு செய்தது. கொடுங்கோல் அரசின் குரலுக்கு மெட்டு கிடையாது என்பது என் கண்ணில் அந்த ஓபராவின் மிகச் சிறந்த முடிவு.

பணிப்பெண்களைப் பழக்கும் ஆன்ட் லிடியாவைப் பற்றியது இரண்டாவது குறை: ‘ஆன்ட் லிடியா பாடுவதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை.’ உண்மைதான், ஆனால் பாடகியைக் குறை சொல்லிப் பயனில்லை. வாய்க்குள் எந்த அதிர்வெண் வலுப்பெறுகிறது என்பதை வைத்துத்தான் காது உயிரெழுத்துகளைப் பிரித்தறிகிறது. அப்படி வலுப்பெறும் அதிர்வெண்ணை அதிர்வுநிலை என்பார்கள். ‘இ’க்கு முதல் அதிர்வுநிலை சுமார் 300 ஹெர்ட்ஸ், ‘ஆ’வுக்கு சுமார் 800. பியானோவின் நடுவில் உள்ள சுரமான மத்திய சி-யிலிருந்து இரண்டு ஸ்தாயி மேலே போனால் பாடும் சுரமே 1,046 ஹெர்ட்ஸ். சுரம் அதிர்வுநிலையைத் தாண்டிவிட்ட பிறகு ‘இ’யும் ‘உ’வும் ‘ஆ’வும் ஏறக்குறைய ஒரே ஒலியாகிவிடும். குரல் கூடம் முழுக்கக் கேட்க வேண்டும் என்பதற்காகப் பாடகி தாடையை இன்னும் திறப்பார். மிச்சமிருந்த வித்தியாசமும் போய்விடும். ஆன்ட் லிடியாவின் வரிகளை ரூடர்ஸ் தெரிந்தேதான் அந்த உயரத்தில் எழுதியிருக்கிறார். பணிப்பெண்களுக்குப் பாடம் நடத்துகிறவளின் குரல் அறிவுரை வடிவிலிருந்து அலறலுக்கு ஏற வேண்டும். அதே மேடையில், ஆஃப்ரெட் பணிசெய்யும் வீட்டின் தலைவரான கமாண்டர் பாஸ் எனப்படும் தாழ்ந்த ஆண்குரலில் நிதானமாகப் பாடும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுகிறது.

சொற்கள் தெரிய வேண்டுமானால் மேடைக்கு மேலே ஓடும் எழுத்துப் பலகையைப் பார்க்க வேண்டும். 1983இல் இந்த வழக்கத்தைத் தொடங்கியது டொரன்டோவின் கனேடியன் ஓபரா கம்பெனி. 2004இல் அந்தக் குழுவும் இதே ஓபராவை மேடையேற்றியது. ஆங்கிலத்திலேயே பாடும் லண்டனின் இங்கிலிஷ் நேஷனல் ஓபராவோ, பலகை எதற்கு என்று 2005 வரை இருந்துவிட்டது. பலகையிலும் கோளாறு வராமல் இல்லை. ஒருவர் இசைத்தாளைப் பின்தொடர்ந்து வரிக்கு வரி பொத்தானை அழுத்துகிறார். அரை நொடி முந்தினால் பாடுவதற்கு முன்பே விஷயம் வெளியே வந்துவிடும். ஒரு சமயத்தில் இரண்டு வரிக்கு மேல் இடமில்லை. இரண்டு ஆஃப்ரெட்டும் ஒரே நேரத்தில் வெவ்வேறு சொற்களைப் பாடினால் ஏதோ ஒன்றை விட்டுவிடத்தான் வேண்டும்.

கேட்டுப் பார்க்க விரும்பும் வாசகர்களுக்கு ஒரு செய்தி. கோபன்ஹேகன் அரங்கேற்றத்தின் ஒலிப்பதிவை டக்காபோ நிறுவனம் இரண்டு குறுந்தகடுகளாக வெளியிட்டிருக்கிறது. பென்ட்லி ஆங்கிலத்தில் எழுதினாலும் அங்கே பாடப்பட்டது டேனிஷ் மொழியில். எனவே ஆங்கில லிப்ரெட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். முதல் முறை ஆஃப்ரெட் இருவரின் வரிகளையும் இரண்டு வண்ணத்தில் கோடிட்டுவிட்டால், அடுத்த முறை கேட்கும்போது தாவல் எங்கே நிகழ்கிறது என்று தேட வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
ஓர் ஓபரா ரசிகர்