டைம்ஷீட்டில் இடமில்லாத வேலை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

தொழில்நுட்ப நிறுவனங்களில் மூத்தவர்கள் இளையவர்களைக் கைதூக்கிவிடும் வழக்கம் அருகிவருவதாகச் சென்ற இதழில் ஒரு கட்டுரை படித்தேன். அருகிவருவது உண்மைதான். ஆனால் இன்றைய மூத்தவர்களுக்குப் பொறுமையும் இல்லை, மனசும் இல்லை என்று கட்டுரையாளர் முடித்திருப்பது எனக்கு ஒப்பவில்லை. நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் (மென்பொருளைச் சோதிக்கும்) பிரிவில் லீடாக, அதாவது குழுத் தலைவியாக, இருக்கிறேன். என்னைச் சுற்றி மனசுள்ளவர்கள் நிறையவே இருக்கிறார்கள். அவர்கள் செய்வதைக் கணக்கில் எழுதத்தான் இடம் இல்லை.

டைம்ஷீட், அதாவது எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதும் படிவம், நிரப்பியவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு ப்ராஜெக்ட் கோடு (code, எந்த வேலை என்பதைக் காட்டும் குறியீடு) போட வேண்டும். வாடிக்கையாளருக்கு பில் போடக்கூடிய மணியா, போட முடியாத மணியா என்பதை அந்தக் கோடுதான் தீர்மானிக்கும். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, இரவு ஓடும் டெஸ்டுகளில் ஒன்று மட்டும் ஒருநாள் தேறுகிறது, மறுநாள் தோற்கிறது என்று லாக்கை (log, டெஸ்ட் ஓடியபோது பதிவான குறிப்பை) திறந்துகொண்டு வருகிறாள் என்று வையுங்கள். நானே பார்த்தால் பத்து நிமிட வேலை. இரண்டு டெஸ்டுகள் ஒரே டேட்டாவைத் தொடுகின்றன. எது முந்துகிறதோ அதைப் பொறுத்து முடிவு மாறுகிறது. அதைச் சொல்லிவிடாமல், "தேறிய நாள் லாக்கையும் தோற்ற நாள் லாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நேரத்தைப் பாரும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவளாகக் கண்டுபிடிக்கும் வரை கூட உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆனால் அடுத்த முறை இதே மாதிரி ஒன்று வந்தால் அவளுக்கு நான் தேவைப்பட மாட்டேன்.

இந்த ஒன்றரை மணி நேரத்தை எந்தக் கோடில் போடுவது? ப்ராஜெக்டில் போட்டால், இந்தச் சின்ன விஷயத்துக்கு இவ்வளவு நேரமா என்று கேள்வி வரும். உள்பயிற்சிக் கோடில் போட்டால் என் பில்லபிள் சதவீதம் இறங்கும். ஆகவே பலரும் அதை எங்கேயும் எழுதுவதில்லை. தன் வேலையை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு லேப்டாப்பைத் திறந்து முடித்துக்கொள்கிறார்கள். இதை எத்தனை வருடம் ஒருவரால் செய்ய முடியும்? ஒரு கட்டத்தில், "டீம் விக்கிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன், படித்துக்கொள்" என்று சொல்லத் தொடங்குகிறார். அதைத்தான் உங்கள் கட்டுரையாளர் மனசில்லாமை என்கிறார்.

அப்ரைசலில், அதாவது ஊழியர்களுக்கு ரேட்டிங் போடும் மதிப்பீட்டில், கதை இன்னும் மோசம். மைக்ரோசாஃப்டில் 2013 வரை ஒரு முறை இருந்தது. குழுவில் எல்லோரும் நன்றாகவே வேலை செய்திருந்தாலும் சிலருக்குக் கீழ் ரேட்டிங் கொடுத்தே ஆக வேண்டும். பக்கத்து இருக்கைக்காரன் முன்னேறினால் நான் இறங்குவேன் என்றால், எந்த மகான் வந்து சொல்லிக்கொடுப்பார்? அந்த ஆண்டு நவம்பரில் அதைக் கைவிட்டார்கள். அதன்பின் ஊழியரை மதிப்பிடும்போது அவர் தானாகச் செய்ததோடு, மற்றவர்களின் வெற்றிக்கு என்ன செய்தார், மற்றவர்கள் செய்ததை எடுத்து எப்படி மேலே கட்டினார் என்பதையும் கேட்கத் தொடங்கினார்கள். கேள்வியாக எழுதி வைத்தாலாவது பதில் சொல்ல ஓர் இடம் கிடைக்கிறது. பல நிறுவனங்களில் இன்னும் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் அதற்கு இரண்டு வரிதான்.

இந்தக் கணக்கில் வராத வேலை யார் தலையில் விழுகிறது என்பதையும் கட்டுரை தொடவில்லை. பொருளியல் ஆய்வாளர் லிண்டா பாப்காக்கும் உடன் ஆய்வாளர்களும் 2017-ல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். மூன்று பேர் கொண்ட குழு. யாராவது ஒருவர் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்துபவருக்குக் கொஞ்சம் பணம், சும்மா இருக்கும் மற்ற இருவருக்கும் அதைவிட அதிகம். ஒருவரும் அழுத்தாவிட்டால் எல்லோருக்கும் நஷ்டம். ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில் ஆண்களைவிடப் பெண்கள் 48 சதவீதம் கூடுதலாக முன்வந்தார்கள். ஆண்கள் மட்டுமே இருந்த குழுக்களில் என்ன ஆனது தெரியுமா? அங்கும் அதே அளவுக்கு யாரோ ஒருவர் அழுத்தத்தான் செய்தார். ஆக, ஆண்களுக்கு முடியாது என்றில்லை. அழுத்த இன்னொருத்தி இருக்கிறாள் என்று தெரிந்தால் காத்திருக்கிறார்கள். எங்கள் பிரிவில் புதியவர்களுக்கு அறிமுகப் பயிற்சி நடத்துவது யார், ஹேக்கத்தானுக்கு (புரோகிராமிங் போட்டிக்கு) பட்டியல் போடுவது யார், கூட்டக் குறிப்பு எழுதுவது யார் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பதவி உயர்வுப் பட்டியலில் அந்தப் பெயர்கள் ஏன் தாமதமாக வருகின்றன என்பதற்கு வேறு ஆராய்ச்சியும் வேண்டாம்.

நிறுவனங்கள் செய்யும் சமூகப் பணியிலும் இதே கதைதான். ஒரே நிற டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு வருடத்துக்கு ஒருநாள் மரம் நட்டுப் படம் எடுத்துக்கொள்வதை நான் கேலி செய்யவில்லை (கொஞ்சம் செய்கிறேன்). சேல்ஸ்ஃபோர்ஸ் போன்ற நிறுவனங்கள் இதற்கென ஆண்டுக்கு 7 நாட்களைச் சம்பளத்தோடு ஒதுக்குகின்றன, நல்லது. ஆனால் எங்கள் தொழிலின் சமூகம் என்பது நாங்கள் தினமும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும், மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களும்கூட. அங்கே நிலைமை என்ன? 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற, கோப்புகளின் அளவைச் சுருக்கும் மென்பொருளுக்குள் ஒரு திருட்டுக் கதவு இருப்பது தெரியவந்தது. உலகெங்கும் லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் கணினிகளில் இருக்கும் அதை அநேகமாக ஒரே ஒரு தன்னார்வலர் பராமரித்துவந்தார். அவர் களைத்துப்போயிருந்த சமயம் பார்த்து, உதவ வந்தவர்போல் ஒருவர் உள்ளே நுழைந்து, இரண்டு ஆண்டுக்கு மேல் நம்பிக்கை சம்பாதித்துக் கதவை வைத்தார். கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட். மைக்ரோசாஃப்ட் ஊழியர், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்குப் பங்களிப்பவர். எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து வேறொரு கணினிக்குள் நுழையும் வழி) லாகின் அரை வினாடி தாமதமாவதைக் கவனித்து, விடாமல் நோண்டிப் பார்த்தார். அந்த நோண்டலுக்கு எல்லா நிறுவனத்திலும் நேரம் கிடைக்குமா? எங்கள் டைம்ஷீட்டில் அதற்குக் கோடு கிடையாது.

மூத்தவர் ஒருவரை இளையவருக்கு வழிகாட்டியாகப் போடும் மென்டரிங் திட்டங்கள் பற்றியும் ஒன்று. ஊழியரின் மேனேஜரையே அவருக்கு மென்டராகப் போடும் நிறுவனங்கள் உண்டு. ரேட்டிங் போடுகிற ஆளிடம் போய், "எனக்கு இந்த வேலை பிடிக்கவில்லை, வேறு டீமுக்குப் போகட்டுமா" என்று எந்தப் பிள்ளை கேட்கும்? வேறு பிரிவு ஆளாகப் போடுவது அவ்வளவு கஷ்டமான காரியம் இல்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சொல்லிக்கொடுக்கும் நேரத்துக்கு, சதவீதத்தைக் குறைக்காத ஒரு கோடு. இரண்டு பேரை வளர்க்கும் பொறுப்பு உள்ளவருக்கு அந்த அளவுக்கு டிக்கெட் (ஒதுக்கப்படும் வேலை) குறைவு. லீடிலிருந்து மென்பொருளை வடிவமைக்கும் ஆர்க்கிடெக்ட் ஆக, ஓர் ஆளையாவது வளர்த்துவிட்ட தடம் வேண்டும் என்று எழுத்தில் ஒரு விதி. அதோடு, இந்தப் பொறுப்புகளை யார் முதலில் கை தூக்குகிறார்கள் என்று பார்த்துக் கொடுக்காமல், சுழற்சி முறையில் கொடுப்பது.

ஆசிரியர் அவர்களே, மனிதவளத் துறைத் தலைவர்களை நீங்கள் அடிக்கடிப் பேட்டி காண்கிறீர்கள். அவர்களும் மென்டரிங் பற்றி அழகாகப் பேசுகிறார்கள். அடுத்த பேட்டியில் ஒரே ஒரு கேள்வி சேர்த்துக்கொள்ளுங்கள்: உங்கள் நிறுவனத்தில் சென்ற ஆண்டு பதவி உயர்வு பெற்றவர்களில் மென்டராக இருந்தவர்கள் எத்தனை பேர்? வரும் பதிலை, வந்தபடியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி